தேனீப் பெட்டி கேள்வி–பதில்: மெலிந்த குடும்பத்துக்கு எந்த மருந்து, எவ்வளவு?

முருங்கைத் தோட்டத்தில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சில பெட்டிகளில் தேனீ மூடியிருக்கும் அடைச் சட்டங்கள் எட்டிலிருந்து நான்குக்கு இறங்கிவிட்டன. வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் ஊர்கின்றன. நல்ல பெட்டிக்கு உண்ணிக்காக ஊற்றும் ஆக்சாலிக் அமிலக் கரைசலையே இவற்றுக்கும் ஊற்றலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

சுருங்கிய சிறகு, தேனீ உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி பரப்பும் வைரஸின் அடையாளம். ஆனாலும் உண்ணிகளை எண்ணிப் பார்க்காமல் அமிலத்தைத் தொடாதீர்கள். ராணி கெட்டாலும், மழையில் பட்டினி கிடந்தாலும் பெட்டி மெலியும். அப்போது மருந்தும் சேர்ந்தால் தாங்காது.

புழு அடையிலிருந்து 60 மி.லி. அளவுக்குத் தேனீக்களை ஒரு பாட்டிலில் தட்டி எடுங்கள். ஏறக்குறைய 150 தேனீ இருக்கும். அதற்குமுன் ராணி எந்தச் சட்டத்தில் இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சீனி போட்டு, 3 மி.மீ. கண்ணுள்ள வலையால் வாயை மூடி, உருட்டி, இரண்டு நிமிடம் விட்டு, வெள்ளைத் தட்டில் குலுக்குங்கள். உண்ணிகள் சீனியோடு விழும். தேனீக்கள் உயிரோடு பெட்டிக்குத் திரும்பும். மழை ஈரத்தில் சீனி கட்டிபிடித்தால் உண்ணி உதிராது, எண்ணிக்கை குறைத்துக் காட்டும். வெயில் வந்தபின் பாருங்கள். 150 தேனீக்கு நான்கைந்து உண்ணி விழுந்தால் மருந்து வேண்டும்.

கரைசல்: 600 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 600 கிராம் சீனி, அதில் 35 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம். மொத்தம் ஒரு லிட்டர் வரும். மெலிந்த பெட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று குறைத்துக் கலக்க நினைப்பீர்கள். ஆனால் சமையலறைத் தராசு 3 கிராமுக்கும் 4 கிராமுக்கும் வித்தியாசத்தை நம்பும்படி காட்டாது. முழு அளவில் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவதே மேல். எடுத்து வைத்தால் வெக்கையில் சீனி சிதைந்து தேனீக்கே நஞ்சாகும். அலுமினியப் பாத்திரம் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

குறைக்க வேண்டியது கரைசலின் வீரியத்தை அல்ல, ஊற்றும் அளவை. ஊசி கழற்றிய சிரிஞ்சால், இரு சட்டங்களுக்கு இடையே தேனீ நிறைந்திருக்கும் ஒவ்வொரு சந்துக்கும் 5 மி.லி. மட்டும், தேனீக்கள் மேலேயே படும்படி விடுங்கள். வெறும் சந்தில் விடக் கூடாது. பெரிய பெட்டிக்கு உச்ச வரம்பு 50 மி.லி.; உங்களுடையதற்கு 15, மிஞ்சினால் 20 போதும். தேனீக்கள் அடங்கிய மாலையில் ஒரே ஒருமுறை. வாரந்தோறும் ஊற்றினால் அதே தேனீக்கள் அமிலத்தைத் திரும்பத் திரும்பக் குடித்து ஆயுள் குறையும். எடுக்கப்போகும் தேன் மேலறையில் இருந்தால் ஊற்றவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். ஆக்சாலிக், மெழுகால் மூடிய புழு அறைக்குள் போகாது. உண்ணிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடுவாள். மதுரைப் பக்கம் அந்த இடைவெளி கிடையாது, நாம்தான் உண்டாக்க வேண்டும். பணித் தேனீக்கள் புகுந்து ஊட்டும்படியான வலைக்கூண்டில் ராணியை 24 நாள் அடைத்து, கூண்டைப் புழுச் சட்டங்களுக்கு நடுவே வையுங்கள். ஏழாம் நாள் அவசர ராணி அறைகள் கட்டியிருந்தால் உடைத்துவிடுங்கள். 24 நாளில் ஆண் தேனீ உட்பட எல்லாப் புழுவும் வெளிவந்துவிடும். அன்று மாலை மருந்து, மறுநாள் ராணியை விடுங்கள். இடையில் சீனிப்பாகு கொடுத்துவாருங்கள்.

இரண்டு சட்டத்துக்குக் கீழே இறங்கிய பெட்டி இந்த இடைவெளியைத் தாங்காது. மூடிய புழு அடையை வெட்டி எரித்து, மருந்து விட்டு, சில நாள் கழித்து, மருந்து கண்ட இன்னொரு மெலிந்த பெட்டியோடு, நடுவே செய்தித்தாள் வைத்து இணைத்துவிடுங்கள். இரண்டு ராணிகளில் சுமாரானதை முதலில் எடுத்துவிட வேண்டும். மருந்துக்கு முன்பே நல்ல பெட்டியோடு இணைப்பது உண்ணியைத் தானம் செய்வது.

வாசலை இரண்டு தேனீ அகலத்துக்குச் சுருக்குங்கள். பலமான பெட்டித் தேனீக்கள் வந்து கொள்ளையடித்தால் தேனோடு உண்ணியும் போய்ச் சேரும். தேனீ மூடாத அடைகளை வெளியே எடுக்காவிட்டால் மெழுகு அந்துப்பூச்சி எடுத்துக்கொள்ளும்.

ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் போகிறதாமே? சித்திரையில் வைக்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

போகும், அதன் பெருமையே அதுதான். குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் அதே அமிலம். ஆனால் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும். புழு சாகும், ராணியும் சாகலாம். சிறகால் விசிறி ஆவியை வெளியேற்ற ஆளில்லாத மெலிந்த பெட்டிக்கு இது இரட்டை ஆபத்து. மதுரைச் சித்திரையில் நினைக்கவே வேண்டாம். மார்கழியிலும் நம் பகல் அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தில் மரச்சில்லை நனைத்துச் சொருகுவதும் கூடாது. அளவு யாருக்கும் தெரியாது, நஞ்சு மெழுகில் தங்கும்.

என்னிடம் இருப்பது நாட்டுத் தேனீ. ஆண் தேனீ அறை மூடிகளில் நடுவே குண்டூசித் துளை இருக்கிறது. உண்ணியா?
– வாசகர், நத்தம்

இல்லை, அந்த இனத்தின் இயல்பு அது. வரோவாவுக்கு ஆதி வீடு நாட்டுத் தேனீதான். பெரும்பாலும் ஆண் புழுவில் மட்டுமே பெருகுவதால் குடும்பம் தாக்குப்பிடிக்கும், அமிலம் வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, தலைதூக்கிய படகுபோல் கிடக்கும், கிள்ளி எடுத்தால் நீர்ப்பையாக வரும் புழுக்களை. அது 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த ‘தாய்’ (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ். அதற்கு மருந்தில்லை. அந்த அடையை எரியுங்கள், அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.