பட்டறைப் பக்கம்: ஜீப்பை ஏற்றுவதற்கு முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய மஹிந்திரா எம்எம்540 இருக்கிறது. வண்டி தாழ்ந்து கிடக்கிறது, ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கையைக் கடிக்காமல் மூன்று இன்ச் ஏற்ற முடியுமா? (வாசகர், மேடவாக்கம்)

பதில்: மூன்று இன்ச் கதையை அப்புறம் பேசலாம் தம்பி, முதலில் உங்கள் வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு) உட்காராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சமமான தரையில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்று சரியாக வைத்து, அச்சுக் குழாயின் மேலிருந்து சேஸிஸின் (வண்டியின் இரும்புச் சட்டம்) அடி வரை நாலு மூலையிலும் டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரு ஆளே ஓட்டின வண்டி என்றால் டிரைவர் பக்கம் தாழ்ந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. பட்டை வளைவு போய் நேராகியிருந்தாலோ, தலைகீழாகத் தொங்கினாலோ உங்களுக்கு வேண்டியது லிஃப்ட் இல்லை, வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த உயரம்தான். அது திரும்பக் கிடைத்தாலே உங்கள் மூன்று இன்ச்சில் பாதிக்கு மேல் வந்துவிடக்கூடும், அதற்குக் கிட் எதுவும் வாங்க வேண்டாம்.

மாதவரம் பக்கம் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்யும் கடைகளில் விசாரியுங்கள். பட்டைக் கட்டு முழுவதையும் கழற்றி, பட்டை பட்டையாகப் பிரித்து, துரு சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் கேம்பர், அதாவது வளைவு, ஏற்றித் தருவார்கள். அங்கே பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சுத்தியல் அடியாகவோ பிரஸ்ஸாகவோ குளிரிலேயே வளைத்தால் பரவாயில்லை. கேஸ் டார்ச்சைக் காட்டி ஓர் இடத்தை மட்டும் சிவக்க வைத்து வளைத்தால் அந்த இடத்தில் எஃகின் டெம்பர் (ஸ்பிரிங் தன்மை) போய்விடும், கொஞ்ச நாளில் திரும்ப உட்காரும், இல்லையென்றால் அங்கேயே ஒடியும். சூடேற்றித்தான் செய்வேன் என்றால் முழுப் பட்டையையும் உலையில் வைத்து, எண்ணெயில் முக்கி, திரும்ப டெம்பர் செய்யத் தெரிந்த கடையாக இருக்கணும். முனை மெலிந்து பள்ளம் விழுந்த பட்டையையும், குறுக்கே மயிரிழை விரிசல் தெரியும் பட்டையையும் தூக்கிப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இதற்கு மேலும் உயரம் வேண்டுமென்றால் பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகப் போடலாம். ஓர் இன்ச், மிஞ்சினால் ஒன்றரை இன்ச் ஏறும். குட்டையாகத் தடித்த பட்டை வேண்டாம், நீளமாக மெல்லிசானது கேளுங்கள். இல்லையென்றால் ஓஎம்ஆர் பள்ளங்களில் உங்கள் இடுப்புதான் ஸ்பிரிங் வேலை பார்க்கும். பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டும், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் கட்டாயம் புதுசு. பழைய யு போல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டது, திரும்ப முறுக்கினால் பிடிமானம் நிற்காது. ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போல்ட்டை வண்டி தரையில் எடையோடு நிற்கும்போது கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள், ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு யு போல்ட்டை ஒருமுறை டைட் பாருங்கள்.

புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் பட்டைக் கட்டு கிடைக்கும். கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதுவும் உங்களுடையதைப் போல உட்கார்ந்ததுதான். ஷேக்கிள், பிராக்கெட், ஹவுசிங் பாகங்கள் என்றால் புதுப்பேட்டை. புஷ், போல்ட், பிரேக் ஹோஸ் என்றால் ஜி.பி. ரோடு, புதுசாக.

ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஸ்பிரிங்கில் நீங்கள் எத்தனை இன்ச் ஏற்றினாலும் டிஃபரன்ஷியலின் (அச்சில் உருண்டையாகப் புடைத்திருக்கும் கியர் கூடு) அடிவயிறு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். 6.00-16 டயரிலிருந்து 7.00-16-க்குப் போனால் சுமார் ஓர் இன்ச் கிடைக்கும். பதிலுக்கு இழுவை கொஞ்சம் குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டயர் பாடியில் உரசினால், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர் கட்டைகளுக்குப் பதில் ஓர் இன்ச் உயரமானதை லேத்தில் கடைந்து, நீளமான 8.8 கிரேடு போல்ட்டோடு போட்டுக்கொள்ளலாம். ரேடியேட்டர் ஹோஸ், ஸ்டீயரிங் தண்டு, கியர் லீவர் மூன்றும் எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

கேள்வி: சார், ஜிப்ஸிக்கு நாலு இன்ச் நீளமான ஷேக்கிள் போட்டால் நாலு இன்ச் ஏறும் என்கிறார் என் மெக்கானிக். அல்லது பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாமாம். எது மலிவு? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஷேக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும்தான் தள்ளுகிறது, அச்சு இருப்பதோ நடுவில், அதனால் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாக வரும். நாலு கூட்டினால் இரண்டு. அத்தனை நீள ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். முன் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கும் வண்டியில் இன்னொரு வம்பும் உண்டு, அச்சு முன்னால் சாய்ந்து கேஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்கும் சாய்வுக் கோணம்) குறையும், ஜிஎஸ்டி ரோட்டில் எண்பதில் போகும்போது ஸ்டீயரிங் அலையும். ஷேக்கிள்தான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் ஓர் இன்ச் உயரத்தோடு நிறுத்துங்கள், கேஸ்டரைச் சரிக்கட்ட ஆப்பு வடிவத் தகடு வையுங்கள்.

கட்டை விஷயம் இன்னும் வேடிக்கை. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், ஜிப்ஸியில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் வண்டி ஏறாது, இறங்கும்! பட்டை அச்சுக்கு மேலே உள்ள வண்டிகளில் பின்னால் மட்டும் வைப்பதுண்டு, முன் அச்சில் எந்த வண்டிக்கும் கூடாது.

பட்டையையே அச்சுக்கு மேலே மாற்றி வைத்து வெல்டிங் செய்யும் வேலையும் நடக்கிறது, ஐந்து இன்ச் வரை ஏறும். சாமான் செலவு குறைவுதான், ஆனால் டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணம், பிராப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டியில் நான் செய்ய மாட்டேன்.

எப்படி ஏற்றினாலும் இந்த ஒரு சோதனையை விடாதீர்கள்: சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடியுங்கள். பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபட்டு நின்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: 1968 ஜீப், அப்பா காலத்தது. ஏற்றினால் ஆர்டிஓவில் பிரச்சினை வருமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. தேய்ந்த பட்டையை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது ரிப்பேர்தான், அதன் பில்லை வைத்திருங்கள். உங்கள் வண்டி 50 வயது தாண்டியது என்பதால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்கே விண்ணப்பிக்கலாம், புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருந்தால் அது கிடைக்காது, கிடைத்த பிறகு தினசரி ஓட்டவும் முடியாது. நானாக இருந்தால் அந்த வண்டியைத் தொடவே மாட்டேன்.

கேள்வி: முடிச்சூரில் இருக்கிறோம். மழைக்கு முன் ஜீப்பை ஏற்றிவிட்டால் தண்ணீரில் போகலாமா? (வாசகி)

பதில்: இல்லை மேடம், காசு வீண். ஸ்பிரிங்கில் ஏற்றினாலும் அச்சு அதே உயரத்தில்தான் இருக்கும். ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மேலிருக்கும் பிரீத்தர் (அச்சு காற்று வாங்கும் துளை) மூடியைக் கழற்றி, அங்கே ஒரு ரப்பர் டியூபைச் சொருகி, பானெட் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள், கியர்பாக்ஸுக்கும் அப்படியே. செலவு டியூபுக்கும் கிளிப்புக்கும்தான். ஏர் ஃபில்டரின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு ஒரு சாண் கீழேயே உங்கள் எல்லை. ஒருமுறை தண்ணீரில் இறங்கிவிட்டால் மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.