தேரிக்காட்டில் (தென்கோடித் தமிழகத்தின் செம்மணல் மேடுகள்) உடைமர நிழலுக்கும் வெட்டவெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைச் சின்ன சென்சார் வைத்து அளக்க முடியுமா?

முடியும். ஆனால் சென்சார் காட்டுவது காற்றின் சூட்டை அல்ல, தன் சூட்டை. வெயிலில் கிடக்கும் எஃகு வில்லை மாதிரியான சென்சார் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் மண்ணுக்குள் அளந்து பாருங்கள். நேர்வெயில் படாது, கணக்கும் நம்பும்படி இருக்கும்.

பொத்தான் அளவு எஃகு வில்லைக்குள் சூட்டைத் தானே பதிந்து வைக்கும் ஐபட்டன் டிஎஸ்1922எல் போதும். நுணுக்கத்தை 0.0625 டிகிரியில் வைத்தால் 4096 அளவுகள் கொள்ளும்: 15 நிமிடத்துக்கு ஒன்று வீதம் 42 நாள், அரை மணிக்கு ஒன்று என்றால் 85 நாள். 'நிறைந்ததும் மேலெழுது' என்பதை அணைத்து விடுங்கள். அணைக்காவிட்டால், எடுக்கப் போகத் தாமதமாகும்போது முதல் நாட்களின் பதிவு அழிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் ரப்பர் பூச்சு கொடுக்க வேண்டும், ஐபட்டன் முழு நீர்காப்பு கொண்டதல்ல.

புதைக்கும் முன் எல்லா சென்சாரையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டு, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் நிறைந்த பிளாஸ்கில் அரை மணி வையுங்கள். எது பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்து, பிறகு கழித்துக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திசையன்விளைப் பக்கம் சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும், மார்கழியில் நேர்மாறு. மரத்தின் வடபுறம் மட்டும் வைத்தால் கோடையில் 'நிழல்' சென்சார் வெயில் காயும். தூரிலிருந்து ஒரே தூரத்தில் நாலு திசையிலும் வையுங்கள், வெளியிலும் அதே எண்ணிக்கை.

ஆழம் 5 செ.மீ. என்றால் எல்லாம் 5 தான். மேல்மண்ணில் 2 செ.மீ. பிசகினாலே உச்ச அளவு மாறிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் தேரி மணல் நகரும், ஆழமும் மாறும். பதிவிலேயே இது தெரியும்: பகல் உச்சம் கூடி, முன்னதாகவும் வந்தால் மேல்மணல் பறந்திருக்கிறது; குறைந்து தாமதித்தால் மூடியிருக்கிறது. அடையாளத்துக்கு மூங்கில் குச்சியும் நைலான் நூலும் போதும். இரும்புக் கம்பி வேண்டாம், சூட்டைக் கீழே கடத்தும். பளபளப்பாக எதுவும் வெளியே தெரியக் கூடாது, ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

காற்றையும் அளந்தே ஆக வேண்டுமா? பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து மூடாதீர்கள், உள்ளே அடுப்பாகிவிடும். இடைவெளி விட்டு இரண்டு வெள்ளைத் தட்டு, நடுவில் சென்சார், பக்கமெல்லாம் திறப்பு. நிழலிலும் வெளியிலும் ஒரே மாதிரி. அப்படியும் காற்றில்லாத நண்பகலில் பிழை இருக்கும்.

எடுக்கும்போது மணலைக் கிளறுமுன் ஸ்கேல் வைத்து ஆழத்தை மறுபடி அளந்து எழுதுங்கள்.