அரபு, செக் மொழிகள்: புதிதாகக் கற்பவருக்கு எது கடினம்?

இரண்டும் கடினம்தான், ஆனால் இடறும் இடம் வேறு.

அரபு செமிட்டிக் குடும்பத்து மொழி. அதில் பெரும்பாலான சொற்களுக்கு ஒரு வேர் உண்டு. வேர் என்பது பொதுவாக மூன்று மெய்யொலிகள். இடையே உயிரொலிகளையும் ஒட்டுகளையும் மாற்றிப் புதுச்சொல் செய்வார்கள். எழுதுதல் தொடர்பான க்-த்-ப் என்ற வேரிலிருந்து கிதாப் (புத்தகம்), காதிப் (எழுத்தாளர்), மக்தப் (அலுவலகம்) வருகின்றன. தூண்களை அசைக்காமல் தடுப்புச் சுவரை மட்டும் மாற்றி அறை அமைப்பது போல. இது பிடிபட்டால் சொல்வளம் வேகமாகப் பெருகும். உண்மையான தலைவலி, செய்திகளில் வரும் பொது அரபு ஒன்று, கெய்ரோ தெருவில் பேசுவது இன்னொன்று; மொராக்கோ போனால் அதுவும் வேறு.

செக், ரஷ்யன் போல ஒரு ஸ்லாவிய மொழி. லத்தீன் எழுத்து, பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். அப்புறம்தான் சிக்கல்: 7 வேற்றுமைகள். தமிழில் ‘ஐ’, ‘கு’ எந்தப் பெயருக்கும் பொருந்தும். செக்கில் பால், எண், சொல்லின் வகை பார்த்து ஈறு மாறும், பெயரடையும் கூடவே மாறும்.

அரபு எழுத்துதான் பெரிய தடை என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் மொத்தம் 28 எழுத்துகள்தான், சில வாரங்களில் பழகிவிடும்.