துடிப்பு நடுநடுவுல தப்புற மாதிரி இருக்கு, இது ஹார்ட் பிரச்சனையா?

எப்பவாவது ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது பலமா தொப்புனு விழற மாதிரி இருக்கறது நிறைய பேருக்கு வரும், தூக்கம் கெட்டாலோ டென்ஷன்லயோ கூட வரும், பெரும்பாலும் பயமில்ல. ஆனா மணிக்கட்டுல ரெண்டு விரல் வச்சு முழுசா 1 நிமிஷம் எண்ணிப் பாருங்க. தாளமே இல்லாம கன்னாபின்னான்னு துடிச்சா அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருக்கலாம், அதுல இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கா சுருங்காம நடுங்கிட்டே இருக்கும், அங்க தேங்குற ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனா பக்கவாதம்தான், அந்த ரிஸ்க் மத்தவங்களவிட சுமார் 5 மடங்கு. பிபி, சுகர் இருக்கறவங்க தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. ஈசிஜி எடுக்கற நேரத்துல துடிப்பு சரியா இருந்தா நார்மல்னுதான் வரும், அதனால உடம்புல சின்ன மெஷின் மாட்டி 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்ட்டர் (Holter) டெஸ்ட் பத்தி டாக்டர்ட்ட கேளுங்க. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் கூடவே வந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.