பெண்களுக்கு எதிரான ‘நுட்பமான பாகுபாடு’ என்றால் என்ன?

பெண் என்பதாலேயே ஒருவரைக் குறைத்து மதிப்பதும், சில வேலைகளை அவர் தலையில் கட்டுவதும்தான் இது. திட்டோ மிரட்டலோ இருக்காது.

சிங்கப்பூர் அலுவலகக் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பொறியாளர்கள்தான். ஆனால் குறிப்பெடுக்கும் வேலை, கேட்காமலேயே அங்குள்ள ஒரே பெண்ணிடம் போகும். அவர் சொன்ன யோசனையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், கொஞ்ச நேரம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால், "நல்ல ஐடியா!" அப்புறம் வீட்டில் தீபாவளி விருந்து முடிந்ததும் தட்டுகளை எடுக்க எழுவது யார் என்று பாருங்கள்.

குடும்பத்தைப் பார்ப்பது பெண்ணின் பொறுப்பு என்று சிறுவயதிலேயே ஊறிப்போன நினைப்புதான் காரணம். நேர்காணலில் "எப்போது கல்யாணம்?" என்று பெண்ணிடம் மட்டும் கேட்பதும் அதனால்தான். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. மிக நல்லது. ஆனால் பேச்சை இடைமறிப்பதை எந்தச் சட்டம் பிடிக்கும்?

பேருந்து, ரயில் கட்டணத்துக்குப் பணம் ஏற்றி வைக்கும் ஈஸிலிங்க் அட்டை மாதிரிதான் இது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் கழியும். ஒருநாள் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கதவு திறக்காது.

"நல்ல எண்ணத்தில்தானே செய்தேன்" என்பார்கள். கைக்குழந்தை இருக்கிறதே என்று ஒரு பெண்ணைக் கேட்காமலே வெளிநாட்டுப் பணியை வேறொருவருக்குக் கொடுத்தால், எண்ணம் எதுவானாலும் பதவி உயர்வில் பின்தங்குவது அவர்தான்.