பழப்பாகு ஓவனுக்குள் போக வேண்டாம்

கேள்வி: முழு பிரீ (Brie, வெள்ளைத் தோல் உள்ள மென்சீஸ்) சீஸ் ஒன்றின் மேல் அத்திப்பழ ஜாம் தடவி, 200 டிகிரியில் 25 நிமிடம் பேக் செய்தேன். சீஸ் வெடித்துத் தட்டெல்லாம் ஓடிவிட்டது. ஜாம் கருகிக் கசந்தது. விருந்தினர் வருவதற்குள் மிச்சமும் ரப்பர் போல இறுகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: ஜாமை முதலிலேயே தடவியது ஒரு தவறு, அந்த 25 நிமிடம் இன்னொன்று.

ஜாமில் பெரும்பங்கு சர்க்கரை. மெல்லியதாகத் தடவினால் அதிலுள்ள தண்ணீர் சீக்கிரம் வற்றும், அப்புறம் கருகத்தான் செய்யும். சீஸுக்கோ உள்ளே இளகும் அளவுக்குச் சூடு இருந்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓவனில் வைத்தால் ஒன்று பாழாகும்.

200 முதல் 250 கிராம் வரை உள்ள முழு வட்டமாக வாங்குங்கள். மேலே இருக்கும் வெள்ளைத் தோலைச் சீவ வேண்டாம். அது சாப்பிடக் கூடியது, உருகும் சீஸைத் தாங்கும் சுவரும் அதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக, பட்டர் பேப்பர் விரித்த விளிம்புள்ள சின்னப் பாத்திரத்தில் வைத்து, 180 டிகிரியில் 12 நிமிடம் விடுங்கள். நடுவில் விரலால் தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளக்க வேண்டும். தளதளக்கவில்லையா, இன்னும் 3 நிமிடம். பக்கவாட்டில் உப்பத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்க்காமல் வெளியே எடுங்கள். 5 நிமிடம் ஆறட்டும்.

அதற்குள் பாகு தயாராகிவிடும். 3 மேசைக்கரண்டி ஜாம், 1 மேசைக்கரண்டி தண்ணீர், 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, சிறுதீ. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் மெதுவாக ஊர வேண்டும், அதுதான் பதம். ஓடினால் இன்னும் கொஞ்சம் வற்றட்டும். அசையாமல் நின்றால் தண்ணீர் தெளியுங்கள். பதம் வந்ததும் வெளியே எடுத்த சீஸின் மேல் ஊற்றுங்கள்.

சரி, கடைக்கு வருவோம். ‘பேக் செய்ய ஏற்றது’ என்று மரப்பெட்டியோடு வரும் பரிசுத் தொகுப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெட்டி ஸ்டேப்பிள் அடித்ததா, பசையால் ஒட்டியதா என்று பாருங்கள். பசை சூட்டில் விட்டுப் போகும். ஒருமுறை நான் பெட்டியைத் தூக்கினேன். வளையம் மட்டும் கையில் வந்தது, அடிப்பலகையும் சீஸும் ஓவன் கம்பியிலேயே தங்கிவிட்டன. கடைக்காரர் என்னைத்தான் குறை சொன்னார். கூடவே தரும் ‘பழ ஸ்ப்ரெட்’ குப்பியில் முதல் பெயர் குளுக்கோஸ் சிரப், பழம் எங்கோ கடைசியில். படம் மட்டும் பழக்கூடை! விளம்பரத்துக்குக் கொட்டை எழுத்து, சேர்மானப் பட்டியலுக்கு எறும்பு எழுத்து; இதையும் அனுமதிக்கும் விதிகளை எழுதியவர்கள் ஒருநாளாவது கண்ணாடி போடாமல் கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். வெட்டி மறுபடி சுற்றிய துண்டுகளும் வேண்டாம். வெட்டிய பக்கத்தில் தோல் இல்லாததால் அங்கேதான் முதலில் ஒழுகும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு, இதில் அலட்சியம் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ‘லேசாக இளகியது’ போதாது. பூஞ்சைத் தோல் கொண்ட மென்சீஸில் லிஸ்டீரியா கிருமி வளரலாம், அது கருவுக்கு ஆபத்து. பால் பாஸ்சுரைஸ் செய்ததாக இருந்தாலும் இதுதான் பேச்சு. விரும்பிக் கேட்டால் அவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, நடுப்பகுதி வரை கொதித்து ஆவி பறக்கும்படி சூடாக்குங்கள். ஓரம் குமிழியிட்டு நடு வெதுவெதுப்பாக இருந்தால் திரும்ப உள்ளே வையுங்கள். உருக்குலைந்து போகும், போகட்டும். கிண்ணத்தில்தானே இருக்கிறது. சந்தேகமிருந்தால் அவர்களுக்கு வேறு ஏதாவது கொடுங்கள்.

ரப்பர் விஷயம் இவ்வளவுதான்: இந்தச் சீஸ் ஆறினால் இறுகும், அதிகம் வெந்திருந்தால் எண்ணெயும் பிரிந்து நிற்கும். முன்கூட்டியே செய்து வைக்காதீர்கள். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு ஓவனில் வையுங்கள், நலம் விசாரித்து முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும்.