அப்பாவின் ஓபரேஷன் திகதிக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, வயற்காரர். வலது கவட்டுப் பக்கம் வீக்கம் வந்து, அது குடலிறக்கம் என்று சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபரேஷனுக்குப் பெயர் பதிந்தார்கள். இரண்டு தடவை திகதி தள்ளிப் போய்விட்டது. ஊரில் ஒருவர், ஒரு லட்சம் தந்தால் கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே உடனே செய்விக்கலாம் என்கிறார். இலவசம் என்றால் ஏன் காசு கேட்கிறார்கள்? அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? அப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. (திருக்கோவிலில் இருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முற்பணம் என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மற்றதையெல்லாம் அப்புறம் பார்ப்போம்.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கக் காப்புறுதி தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை, ஏழை என்று நிரூபிக்கவும் வேண்டாம். 1951 இல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து செலவு வரிப் பணத்தில்தான் போகிறது. வரி என்றால் சம்பளக்காரர் கட்டுவது மட்டுமில்லை, நீங்கள் கடையில் வாங்கும் பொருளிலும் அது இருக்கிறது. அதனால் இது யாரோ போடும் தருமம் இல்லை, உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கக் கட்டி வந்த காசு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தரகர் பிழைப்பதே "இலவசம் என்றால் இப்படித்தான் இழுத்தடிப்பார்கள்" என்று நாமே நம்பிக்கொண்டிருப்பதால்தான்.

மட்டக்களப்புக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே அம்பாறை, கல்முனை என்று இரண்டு சுகாதாரப் பிராந்தியம் இருக்கிறது, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை நேராகக் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது, ஆதார வைத்தியசாலைகளில் பல மாகாணத்தின் கீழ் வருகின்றன. இதெல்லாம் அதிகாரிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டது. நோயாளிக்கு எல்லைக் கோடு கிடையாது. ஆனால் ஒன்று, சும்மா பஸ் ஏறிப் போய் வெளிநோயாளர் பிரிவில் நின்றால் அங்கே நீங்கள் புது ஆள், வரிசையில் கடைசியிலிருந்து தொடங்க வேண்டிவரும். இப்போது பார்க்கிற சத்திரசிகிச்சை நிபுணரிடமே, "இங்கே சுணங்குமென்றால் மட்டக்களப்புக்கு ஒரு கடிதம் தருவீர்களா" என்று கேளுங்கள். கடிதத்தில் என்ன நோய், என்ன பரிசோதனை முடிந்தது, எப்போது பெயர் பதிந்தது என்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு முன்னால் திகதி ஏன் தள்ளிப் போனது என்று கேட்டீர்களா? பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. மிஸ்ஸி, அதாவது வார்டுத் தாதி, "அடுத்த மாதம் வாங்க" என்றதும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, தியேட்டர் பக்கத்துக் காரணம். விபத்து, குழந்தைப் பேறு என்று அவசரமாக ஒன்று வந்துவிட்டால் அன்றைக்குக் குடலிறக்கம் பின்னுக்குத்தான் போகும், அது நியாயமும்கூட. அதோடு 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்களில் மயக்க மருந்து நிபுணர்களும் இருக்கிறார்கள், அவர்கள் குறைந்தால் சேர்ஜன் இருந்தும் ஓபரேஷன் சுணங்கும். மற்றது அப்பா பக்கத்துக் காரணம். சீனி கூடியிருந்தால், பிரஷர் ஏறியிருந்தால், நெஞ்சில் சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், ஓபரேஷன் அன்று காலையில்கூட வார்டிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். ஒரு லட்சம் கொடுத்துக் கொழும்புக்குப் போனாலும் அங்கேயும் அதே சீனிதான், அதே பதில்தான். ஆகவே உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சீனிக் கிளினிக்குக்கு அப்பாவை ஒழுங்காகக் கூட்டிப் போங்கள், சுருட்டு பிடிப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், மலச்சிக்கல் வராமல் பாருங்கள், நெல் மூடை தூக்க விடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது குளிசை போடுகிறார் என்றால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

இனி அந்தத் தரகர். "கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே" என்று அவர் சொன்னதில்தான் சூழ்ச்சி இருக்கிறது, ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாம் இலவசம் என்று நான் மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை. ஜப்பான் உதவியில் கட்டி 1984 இல் திறந்தது, தனிச் சட்டத்தின் கீழ் தனி நிர்வாக சபையோடு நடக்கிறது. அரசுக்குச் சொந்தமானதுதான், ஆனால் நோயாளியிடம் கட்டணம் வாங்கும். தனியாரைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனாலும் பில் வரும். இது தெரியாமல் நம் பக்கத்திலிருந்து வான் பிடித்துப் போய், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போன் எடுத்த குடும்பங்களை நான் அறிவேன். சில பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் காசு கட்டித் தங்கும் வார்டுகள் இருக்கின்றன. இவையெல்லாம் சட்டப்படி நடப்பவை. அங்கே போக வேண்டுமென்றால் நீங்களே நேரே போகலாம், தரகர் தேவையேயில்லை. ஆள் என்ன செய்கிறார் என்றால், உங்களை அங்கே கொண்டுபோய்க் காசாளரிடம் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மிச்சத்தைத் தன் பையில் போடுகிறார், அல்லது எங்கேயுமே கட்டாமல் இலவச வார்டில் சாதாரண வரிசையில் சேர்த்துவிட்டு "நான்தான் இடம் பிடித்தேன்" என்கிறார். இரண்டிலும் ஏமாறுவது நீங்கள்தான். அரசாங்கத்துக்குக் கட்டும் காசு என்றால் காசாளர் கவுண்டரில் கட்டி, நோயாளியின் பெயர் எழுதின ரசீது வாங்குவீர்கள். தேத்தண்ணிக் கடையில், கேட்டுக்கு வெளியே, வான் சீற்றில் வைத்து வாங்குகிற காசுக்கு ரசீது வராது. ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்கிற யாராவது கேட்டால் அது இலஞ்சம், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. சொல்லப் பயமென்றால் முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

சனல் பண்ணுவதை, அதாவது காசு கட்டித் தனியாரில் வைத்தியரைப் பார்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். அரசாங்க வைத்தியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே தனியாரில் பார்க்க 1977 முதல் அனுமதி இருக்கிறது, அதில் களவு எதுவும் இல்லை. நோயை ஆறுதலாகக் கேட்டு விளங்கிக்கொள்ள ஒரு தடவை சனல் பண்ணலாம். ஆனால் சனல் காசு என்பது அந்த ஐந்து நிமிடத்துக்கான காசு. அது தியேட்டர் பட்டியலில் இடம் வாங்கித் தரும் என்று நினைத்து மாதா மாதம் போகாதீர்கள். அப்படி வாங்கித் தருகிற இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன, அதை நான் மறைக்கவில்லை, அதுதான் இந்த முறையைத் தின்கிற வருத்தம். இலவசச் சேவை என்று பெருமையாகப் பேசுகிற நாட்டில், சுகாதாரத்துக்குச் செலவாகும் மொத்தக் காசில் பாதிக்குக் கிட்ட மக்கள் கையிலிருந்தே போகிறது.

ஆஸ்பத்திரியில் இல்லாததை வெளியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு எழுதித் தருவதும் இப்படித்தான். சில பரிசோதனைகளுக்கு ஆஸ்பத்திரி லாபில் மருந்து முடிந்திருக்கும், குடலிறக்கத்துக்கு வைக்கிற வலையும் சில நேரம் கையிருப்பில் இருக்காது. அப்போது "இது இங்கே எப்போது வரும், பொறுத்திருந்தால் அப்பாவுக்கு ஆபத்தா" என்று வைத்தியரிடமே கேளுங்கள். பொறுக்கலாம் என்றால் பொறுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் அளவையும் வகையையும் எழுதி வாங்கி, நீங்களே கடைக்குப் போய் பில்லோடு வாங்கிவந்து வார்டில் கொடுங்கள். மருந்தென்றால் முதலில் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து "நான் எடுத்துத் தாறேன் அம்மா" என்கிற ஏஜண்டிடம் எதையும் வாங்க வேண்டாம். ஜனாதிபதி நிதியத்துக்குப் படிவம் நிரப்பித் தருவதாகக் காசு கேட்பவர்களும் இதே கூட்டம்தான். அது பெரிய சத்திரசிகிச்சைகளுக்கானது, விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இவ்வளவுக்கும் ஒரு விளக்கம் சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு கதிரை போட்டு ஓர் ஆளை இருத்தினால் போதும். திகதி மாறினால் முதல் நாளே போனில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். விடியக் காலை எழும்பி, சாப்பிடாமல், இரண்டு பஸ் மாறி வந்த மனுஷனிடம் வாசலில் வைத்துத்தான் "இன்றைக்கு இல்லை" என்கிறார்கள். தரகருக்கு வாசலைத் திறந்து விடுவது இந்த அலட்சியம்தான்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது கடதாசியைக் காப்பாற்றுவது. கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும், ஸ்கேன் அறிக்கையையும், முன்பு வார்டில் இருந்து துண்டு வெட்டியபோது தந்த டயக்னோசிஸ் கார்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கொப்பி மழையில் நனைந்து மை கரைந்து போனால் பழைய விபரத்தைத் தேடி எடுப்பது பெரிய பாடு.

ஒன்றை மட்டும் திகதிக்காகப் பொறுக்கவே கூடாது. வழக்கமாகப் படுத்தால் உள்ளே போகிற வீக்கம் போகாமல் கல்லு மாதிரி இறுகி, வலி கூடி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் போகவில்லை என்றால் குடல் நெரிபட்டிருக்கலாம். இரவென்றாலும் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். கையால் அமுக்கி உள்ளே தள்ளவும் வேண்டாம், சாப்பிடக் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம், உடனே 1990 க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸும் இலவசம்தான். அந்த நேரத்தில் பெயர் பதிந்த ஆஸ்பத்திரி எது, கொப்பி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள், அன்றைக்கே தியேட்டருக்கு எடுப்பார்கள்.